வாசிக்காமல் ஒரு கையொப்பம்

"சேர், இத வாசிக்காம கையொப்பம் வெச்சித் தரேலுமா?"

எங்கள் அதிபர் ஹஜ்ஜுக்குப் போயிருந்த ஒன்றரை மாத காலம், பிரதி அதிபரான நான் அவருடைய கதிரையில் அமர்ந்திருந்தேன். ஆரம்பப் பிரிவில் கற்பிக்கும் ஓர் ஆசிரியை, பாடசாலை விட்டுப் பிள்ளைகள் எல்லோரும் போன பின்னர், மண்ணிறக் கடித உறையொன்றுடன் வந்து நின்று இப்படிக் கேட்டார். உறைக்குள் மருத்துவக் காப்புறுதிக்கான கோரிக்கைப் படிவமும், பற்றுச்சீட்டுகளும், வைத்தியசாலையில் கொடுத்த டயக்னோசிஸ் கார்டும் இருந்தன. வாசிக்காமல் எதிலும் கையொப்பம் வைக்கக் கூடாது என்பது ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு ஊட்டப்பட்ட பாடங்களுள் ஒன்று. அதையே அவருக்கும் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கின்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. நான் வாசித்து முடிக்கும் வரை சுவரில் தொங்கிய நேரசூசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தூரத்து நகரமொன்றின் தனியார் வைத்தியசாலையில் பதினொரு நாள். நோயின் பெயர் எழுதும் இடத்தில், எனக்கு விளங்கக்கூடிய ஆங்கிலத்தில், கடுமையான மனச்சோர்வு என்று இருந்தது. கையொப்பமிட்டு முத்திரை குத்திக் கொடுத்தேன். "அல்லாஹ் லேசாக்குவான் டீச்சர்" என்றும் சொன்னேன்.

அடுத்த கிழமை ஓய்வறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த போது, "அந்த டீச்சர் என்னத்துக்கு அவ்வளவு நாள் லீவு?" என்று ஒருவர் கேட்டார். நான் நோயின் பெயரைச் சொல்லவில்லை. "பாவம், அவவுக்குக் கொஞ்சம் மனசு சரியில்ல, பாத்துக் கதைங்க" என்று மட்டுமே சொன்னேன். இரக்கத்தினால் சொன்னதாகவே அப்போது நம்பினேன். பத்து நாள் கழியவில்லை, ஒரு தாய் வந்தார். "சேர், நம்மட புள்ளய மத்த வகுப்புக்கு மாத்தித் தாங்க" என்றார். ஏன் என்று கேட்டேன். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "ஒண்டுமில்ல சேர்" என்றார்.

பிறகு, மூலப் பற்றுச்சீட்டு ஒன்று குறைவதாகக் குறிப்பெழுதி அந்தக் கோரிக்கை எங்களுக்கே திரும்பி வந்தது. அதனை ஆசிரியையிடம் கொடுத்து, சீட்டைச் சேர்த்துத் தந்தால் மறுபடி அனுப்பலாம் என்றேன். "வேணாம் சேர், உட்டுருங்க" என்றார். அவர் கையிலிருந்த தங்கக் காப்பு இரண்டு வங்கியில் ஈட்டுக்குப் போயிருந்த விடயம் என் மனைவி மூலமாகத்தான் எனக்குத் தெரிய வந்தது.

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். ஊரையும் வகுப்பையும் ஆட்களையும் மாற்றி எழுதுங்கள் என்றார், மாற்றியிருக்கின்றேன். என்னுடைய பெயர் தெரிந்தால் அவருடைய பெயரும் தெரிந்துவிடும் என்பதால், இக்கட்டுரைக்கு வேறு பெயரே இடும்படி ஆசிரியர் குழுவைக் கேட்டிருக்கின்றேன். வாசகர்கள் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருப்பது நல்லது.

மனநோய்க்கு எடுத்த சிகிச்சையின் செலவைக் காப்புறுதியிடம் கேட்கலாமா, கேட்காமல் கைக்காசிலேயே தீர்த்துக்கொள்வதா என்ற கேள்வி மேலோட்டமாகப் பார்த்தால் காசுக் கணக்காகவே தோன்றும். பணம் கிடைக்கின்றது, ஆனால் நோயின் பெயர் தாளில் ஏறுகின்றது. எது லாபம் என்று கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டால் முடிந்தது. என்னால் அப்படி முடித்துக்கொள்ள இயலவில்லை. மானம், பொய், பொதுப்பணம், அமானிதம் எல்லாம் அந்த ஒரு தாளில் வந்து கூடிவிடுகின்றன.

அரச ஊழியர்களாகிய எங்களுக்கு 'அக்ரஹார' இருக்கின்றது. மாதாமாதம் சம்பளத்தில் ஒரு சிறு தொகை கழிபடுகின்றது. 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவாக்கப்பட்ட தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் இத்திட்டம் நடைபெற்று வருகின்றது. கண்ணில் வெண்படலம் வெட்டினாலும், பிள்ளைப் பேற்றுக்குச் சத்திரசிகிச்சை செய்தாலும், கையொடிந்து கம்பி வைத்தாலும் எங்கள் ஆசிரியர்கள் படிவத்தோடு அலுவலகத்தில் நிற்பார்கள். அதில் வெட்கப்படுவாரை நான் கண்டதில்லை. பித்தப்பையில் எடுத்த கல்லைச் சிறு போத்தலில் போட்டு ஓய்வறைக்குக் கொண்டுவந்து காட்டிய ஒருவரும் எங்களோடு இருந்தார்.

காப்புறுதி மார்க்கத்தில் கூடுமா என்ற கேள்வி எம்மவரிடையே நெடுநாளாக உள்ளது. அது நியாயமான கேள்விதான். 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அக்கடமி, வணிகக் காப்புறுதி ஆகாது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் நோக்கில் அமைந்த கூட்டுறவுக் காப்புறுதி ஆகும் என்றும் தீர்மானித்தது. எங்கள் நாட்டிலும் தகாபுல் வந்தது. சம்பளத்தில் தானாகக் கழிபடும் அரசாங்கத் திட்டம் இவ்விரண்டில் எதனோடு சேரும் என்பதை உலமாக்கள் சொல்லட்டும். எனக்கு விளங்காதது வேறொன்று. வெண்படலத்துக்கும் பித்தப்பைக்கும் நினைவுக்கு வராத இந்தச் சந்தேகம், மனநோய் என்றதும் மட்டும் ஏன் வருகின்றது? அந்த ஆசிரியையின் வீட்டாரும் இதைத்தான் சொன்னார்களாம்: "அந்தக் காசு நமக்கு வேணாம், அதுல சந்தேகம் இருக்கு." சந்தேகமான காசைத் தவிர்த்துவிட்டு, வட்டிக்கு நகையை ஈடு வைத்தார்கள். வட்டியில் சந்தேகம் ஏதும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அங்கே பேசியது மார்க்கம் இல்லை, பயம். அந்தப் பயத்தை ஏளனம் செய்வதற்கு எனக்கு உரிமையில்லை, ஏனெனில் நானும் அதற்குள் இருந்து வந்தவன்.

2004 டிசம்பர் 26 கடல் எங்கள் கரையை அள்ளிய போது என் ராத்தாவின் இரண்டு பிள்ளைகள் போய்விட்டார்கள். ராத்தா அழுதார், அரற்றினார், பின்னர் மெல்ல மெல்ல எழுந்து நடமாடினார். உம்மாதான் எழும்பவில்லை. பேச்சு நின்றது. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே இருப்பார். தண்ணீர் ஓதிக் குடிக்கக் கொடுத்தோம், நூல் ஓதிக் கட்டினோம், தகடும் எழுதிப் போட்டோம். கடற்கரையில் ஜின் தொட்டிருக்கின்றது என்று ஒருவர் சொன்னதை நம்பி, தூரத்திலிருந்து ஒரு பரிசாரியையும் அழைத்து வந்தோம். அந்த நாட்களில் முகாம்களுக்கு வந்து போன வைத்தியர் ஒருவர் உம்மாவைக் கண்டு, ஆதார வைத்தியசாலையின் உளநலக் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தந்தார். அங்கே ஒரு சதமும் செலவில்லை. மூன்று மாதத்தில் உம்மா சமையலறைக்குத் திரும்பினார். ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? கிளினிக் கொப்பியின் வெளி மட்டை தெரியாமல் பழைய கலண்டர் தாளால் அதற்கு உறை போட்டேன். அது அரிசி டின்னுக்குள் இருந்தது. கேட்டவர்களிடம், "பிரஷர் கிளினிக்குக்குப் போறம்" என்றோம். உம்மா மௌத்தாகும் வரை அந்தப் பொய்யை நாங்கள் திருத்தவில்லை.

ஆகவே இலவச வைத்தியம் இருக்கும் நாட்டில் காப்புறுதியை ஏன் நாட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதிலொன்று உண்டு. அரச வைத்தியசாலைக் கிளினிக் இலவசம்தான். சுனாமிக்குப் பிந்திய ஆண்டுகளில் அது எங்கள் பகுதிகளுக்குப் பரவியதும் பெரும் பாக்கியம்தான். ஆனால் எந்தக் கிளினிக் எந்தக் கிழமையில் என்பது ஊருக்கே தெரியும். அன்றைய வாங்கில் இருப்பவர் எந்த நோய்க்காரர் என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. பக்கத்தில் இருப்பது தன் வகுப்பு மாணவனின் தாயாக இருக்கலாம். அதனால்தான் வசதி இல்லாதவர்களும் கடன்பட்டு, பஸ் ஏறி, பெயர் தெரியாத நகரத்தில் போய்ச் சனல் பண்ணிக் காட்டுகின்றார்கள். அந்தச் செலவைத் தாங்கத்தான் காப்புறுதி. அதைக் கேட்கப் போனால், ஓடி ஒளித்த நோய் தபாலில் பாடசாலைக்கே வந்து சேர்கின்றது.

இப்படி மறைப்பது தவறா? தன் குறையை மூடிக்கொள்ளும் உரிமையை எங்கள் மார்க்கம் மனிதனுக்குக் கொடுத்திருக்கின்றது. பிறருடைய குறையை மூடுபவருக்கு நன்மையும் சொல்லியிருக்கின்றது. நோய் குற்றமல்ல, எனினும் அதை ஊருக்கு அறிவிக்கும் கடமை நோயாளிக்கு இல்லை. அந்த ஆசிரியை எவருக்கும் எந்த விளக்கமும் கடன்பட்டவர் அல்லர். அவர் காப்புறுதியை விட்டுக்கொடுத்தது அவருடைய உரிமை என்று ஒரு காலத்தில் நான் இத்துடன் நிறுத்தியிருப்பேன்.

ஆனால் மறைப்பதிலும் இரண்டு வகை இருப்பதைப் படிவங்கள் பல கண்ட பின்னர் உணர்கின்றேன். ஒன்று, வாய் திறக்காமல் இருப்பது. மற்றது, "வயித்துப் புண் எண்டு எழுதித் தாங்க டொக்டர்", "ஒத்தத் தலைவலி எண்டு போடுங்க" என்று கேட்டு வாங்குவது. இது எங்கும் நடப்பதுதான். இரங்கி எழுதிக் கொடுக்கும் வைத்தியர்களும் உள்ளனர். காசு கிடைத்துவிடும், பெயரும் காப்பாற்றப்பட்டுவிடும். இது புத்திசாலித்தனமாகத் தெரிந்தாலும் எனக்கு இதில் உடன்பாடில்லை. காப்புறுதி என்பது பலருடைய பணம் சேர்ந்த பானை. அதிலிருந்து அள்ளும்போது பொய் சொல்லி அள்ளுவது, தேவை உண்மையாக இருந்தாலும் கூட, நம்பிக்கை மோசடிதான். இன்னொரு தீங்கும் உண்டு. நாளை அவரைப் பார்க்கும் வேறொரு வைத்தியர், கார்டில் உள்ள தலைவலியை நம்பி மருந்தெழுதினால் என்ன ஆவது? அத்தோடு, மனநோய்கள் எல்லாம் வயிற்றுப் புண்ணாக மாறிவிட்ட ஏட்டைப் பார்க்கும் ஓர் அதிகாரி, இந்த ஊழியர்களுக்கு மனநோயே இல்லை என்றுதான் எண்ணுவார். அதற்கென ஒரு சதம் கூட ஒதுக்க மாட்டார்.

தனியார் காப்புறுதி ஒப்பந்தங்கள் பலவற்றில், எவற்றுக்குப் பணம் தரமாட்டோம் என்ற பட்டியலில் மனநோயும் சேர்ந்திருக்கும். இது எங்கும் உள்ள வழக்கம். அமெரிக்காவில் 2008இல் சட்டம் செய்துதான், மனநோய்ச் சிகிச்சைக்குக் காசு கொடுக்கும் காப்புறுதிகள் உடல்நோயை விட அதற்குக் கடுமையான எல்லைகள் விதிப்பதைத் தடுக்க வேண்டியிருந்தது. இந்தியா 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்புறுதி தரப்படுகின்றதோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தரப்பட வேண்டும் என்று எழுதியது. பணம் கொடுக்கும் திட்டங்களும் வார்ட்டில் தங்கினால்தான் பெரும்பாலும் கொடுக்கின்றன. மனநோயாளிக்கு வேண்டியதோ மாதம் ஒரு தடவை அரை மணி நேரப் பேச்சும், ஒழுங்காக மாத்திரையும். வார்ட்டில் தங்கும் நிலை வராமல் காப்பதற்குக் காசில்லை. வந்த பின்னர் உண்டு. இந்தக் கோணல்களைப் பற்றி யாரும் சத்தமிடாததற்குக் காரணம், சத்தமிட வேண்டியவர்கள் எல்லோரும் அரிசி டின்னுக்குள் கொப்பியை ஒளித்து வைத்திருப்பதுதான்.

எங்கள் வெட்கத்தின் வேர் சொல்லில் இருக்கின்றது என்பது என் எண்ணம். ஆங்கிலேயர் 1873இல் கொண்டுவந்த சட்டத்தின் பெயரே பைத்தியக்காரர் கட்டளைச் சட்டம் என்றுதான் இருந்தது. 1956இல்தான் அது மனநோய் என்று மாறியது. அங்கொடை என்ற ஊர்ப்பெயர் இந்நாட்டின் மூன்று சமூகங்களுக்கும் ஏச்சாகிவிட்டது. அங்கிருந்த வைத்தியசாலை தேசிய மனநல நிறுவகம் என்று பெயர் மாற்றப்பட்ட பின்பும், எங்கள் பிள்ளைகள் சண்டையில், "நீ அங்கொடைக்குப் போ" என்றுதான் சொல்கின்றார்கள். எங்கள் சிறுகதைகளிலும் பைத்தியம் என்றால் சந்தியில் நின்று சிரிப்பூட்டுபவன், அல்லது ஊரின் பாவத்தைச் சொல்லும் ஞானி. மஸ்தான், மஜ்தூப் என்று இறைகாதலில் தன்னை மறந்தவர்களுக்கு மரியாதை செய்த மரபு எங்களுக்கு உண்டு. அதை நான் மதிக்கின்றேன். ஆனால் காலையில் ஏழு மணிக்குக் கைப்பையுடன் பாடசாலைக்கு வந்து, முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு அகரம் சொல்லிக்கொடுத்துவிட்டு, வீடு போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய கதை எங்கே? நானும் எழுதவில்லை.

பிக்ஹு நூல்களில் 'ஜுனூன்' என்று ஒரு சொல் வருகின்றது. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், திருமணத்தை முறித்துக்கொள்ள இடமளிக்கும் குறைபாடுகளுள் தொழுநோய், வெண்குட்டம் ஆகியவற்றோடு அதுவும் சொல்லப்பட்டிருக்கின்றது. எனவே பெண் பேசும்போதும் மாப்பிள்ளை பேசும்போதும், "அந்தக் குடும்பத்தில மனசு சரியில்லாத ஆள் இருக்கா?" என்று ரகசியமாக விசாரிப்பதற்கு மார்க்க ஆதாரம் இருப்பதாகவே பலர் நம்புகின்றார்கள். ஆனால் சட்ட அறிஞர்கள் ஜுனூன் என்றது புத்தி நீங்கிய நிலையை. அந்நிலையில் இருப்பவர் மீது தொழுகையும் நோன்பும் கடமையில்லை. எங்கள் ஆசிரியை ஐந்து நேரமும் தொழுதுகொண்டிருந்தார். தொழுகையிலும் அழுகை வருகின்றதே என்பதுதான் அவருடைய கவலையாக இருந்தது. தொழுகை கடமையாக உள்ள ஒருவரைப் பைத்தியம் என்ற பெட்டிக்குள் போட எந்த மத்ஹபும் சொல்லவில்லை. மனச்சோர்வு, அச்ச நோய், உறக்கமின்மை எல்லாவற்றையும் ஜுனூன் என்ற ஒரே சாக்கில் கட்டிவிட்டோம். டயக்னோசிஸ் கார்டில் உள்ள இரண்டு ஆங்கிலச் சொற்களை ஊர் அப்படித்தான் மொழிபெயர்க்கின்றது.

ஈமான் பலவீனப்பட்டால்தான் மனம் சோரும் என்று சொல்வோரும் எம்மிடையே உள்ளனர். யஃகூப் நபி (அலை) அவர்கள் மகனை நினைத்து அழுது கண் வெளுத்துப் போன வரலாற்றை இவர்களும் ஓதத்தான் செய்கின்றார்கள். ஒரு நபியின் துக்கத்தை வைத்து அவருடைய ஈமானை அளக்க நாம் துணிவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் என்றால் அளந்துவிடுகின்றோம்.

சுமார் 1100 ஆண்டுகளுக்கு முன்னர் பல்க் பிரதேசத்தில் வாழ்ந்த அபூ ஸைத் அல் பல்கீ என்ற அறிஞர், உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் எழுதினார். காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணம் தெரியாமல் வந்து கவியும் துக்கம் வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். முதலாவதற்கு நல்ல வார்த்தைகளும் சிந்தனையும் மருந்து என்றார். இரண்டாவது உடலிலிருந்து எழுவது, அதற்கு உடல் வைத்தியமும் வேண்டும் என்றார். மாத்திரை போடுவதா, ஓதிப் பார்ப்பதா என்று நாம் இன்று சண்டை பிடித்துக்கொண்டிருக்கும் விடயம் இது.

இன்னொன்றும் நினைவுக்கு வருகின்றது. 1154இல் நூருத்தீன் ஸங்கி டமஸ்கஸில் கட்டிய வைத்தியசாலை, 1284இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் கட்டிய வைத்தியசாலை முதலியன வக்பு வருமானத்தில் நடந்தவை. கெய்ரோவில் மனநோயாளருக்கெனத் தனிப் பகுதி இருந்தது. கடைகளின் வாடகையும் நிலத்தின் வருவாயும் அவர்களுடைய உணவுக்கும் மருந்துக்கும் போயின. பலருடைய பொருள் ஒன்றுகூடி ஒருவருடைய மனத்தின் நோயைச் சுமப்பது எங்களுக்கு அந்நியமான ஏற்பாடு அல்ல என்பதைச் சொல்லவே இதைக் குறிப்பிடுகின்றேன். பழம்பெருமை பேசிப் படிவத்தை நிரப்ப முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

இவ்வளவும் சொன்ன பின்னர் என் நிலைப்பாட்டைச் சொல்லியாக வேண்டும். கேட்க வேண்டும் என்பதுதான் என் முடிவு. உரியவர்கள் உண்மையான பெயரை எழுதி, கேட்டுப் பெற வேண்டும். அது அவருடைய பணம். மாதாமாதம் கொடுத்த பணம். அதை விட்டுவிட்டு வட்டிக்கு ஈடு வைப்பது பேணுதல் ஆகாது.

ஆனால் இதை அந்த ஆசிரியையிடம் சொல்ல என் வாய் எழவில்லை. தைரியமாக இரு என்று ஒருவருக்குச் சொல்லும் முன்னர், அவர் எதற்குப் பயப்படுகின்றார் என்று பார்க்க வேண்டும் அல்லவா? அவர் பயந்தது நோய்க்கு அல்ல. என் போன்றவர்களுக்கு. படிவம் அவர் கையிலிருந்து இலிகிதரின் மேசைக்கு வருகின்றது, அங்கிருந்து அதிபரிடம், பிறகு வலயக் கல்வி அலுவலகத்துக்கு, அதற்கும் அப்பால் எங்கோ. இந்த மேசைகளில் ஒவ்வொன்றிலும் ஒரு மனிதன் இருக்கின்றான், ஒவ்வொரு மனிதனுக்கும் தேத்தண்ணி நேரம் இருக்கின்றது. சபையில் பேசப்படுவதே அமானிதம் என்று கற்றவர்கள் நாங்கள். ஒரு பெண் தன் கையால் கொண்டுவந்து தந்த தாள் எவ்வளவு பெரிய அமானிதம்! நான் நோயின் பெயரைச் சொல்லவில்லை என்று பல நாள் எனக்கு நானே சமாதானம் கூறினேன். பெயரைச் சொல்லாமல் நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. அந்தத் தாயின் "ஒண்டுமில்ல சேர்" என்ற பதிலில் இருந்தது என்னுடைய வாக்கியம்தான்.

1998 வரை இந்நாட்டில் தற்கொலைக்கு முயல்வது தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. அக்காலத்தில் நஞ்சு குடித்தவரை வைத்தியசாலைக்குக் கொண்டு போனவர்கள், கைமாறிக் குடித்துவிட்டார் என்று சொன்னதை எங்கள் மூத்தவர்கள் அறிவர். அந்தச் சட்டம் நீக்கப்பட்ட பின்பும் அதே பொய்யைச் சொன்னவர்களை எனக்குத் தெரியும். அப்போது அவர்களுக்குப் பொலிஸ் பயம் இல்லை, ஊர்ப் பயம் இருந்தது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவருடைய உடல்நலம் பற்றிய தகவலை விசேட கவனிப்புக்குரிய வகையில் சேர்க்கின்றது. நல்லதுதான். ஓய்வறைக்குள் அந்தச் சட்டம் எப்படி நுழையும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

நான் செய்யக்கூடியது சிறியது. அதிபர் ஹஜ்ஜிலிருந்து திரும்பி வந்ததும் இவ்விடயத்தை அவரிடம் முழுவதுமாகச் சொன்னேன், என் பிழையையும் சேர்த்து. அவர் நீண்ட நேரம் தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் உறுதிப்படுத்த வேண்டியது இவர் எங்கள் ஊழியர் என்பதையும் சம்பளத்தில் பணம் கழிபடுவதையும்தானே, கார்டை நாங்கள் ஏன் பார்க்க வேண்டும் என்று இருவரும் யோசித்தோம். இப்போது எங்கள் பாடசாலையில் படிவத்தின் அந்தப் பக்கம் மட்டுமே எங்கள் மேசைக்கு வருகின்றது. கார்டையும் பற்றுச்சீட்டுகளையும் உரியவரே உறையிலிட்டு ஒட்டித் தருகின்றார்; நாங்கள் அப்படியே அனுப்புகின்றோம். மேலே எங்காவது ஓரிடத்தில் யாரோ திறந்து வாசிக்கத்தான் வேண்டும். அங்கே இருப்பவர் அந்த ஆசிரியையின் ஊரவர் அல்லர், அவருடைய தங்கைக்கு மாப்பிள்ளை தேடுபவரும் அல்லர். பித்தப்பைக் கல்லைக் காட்டிய ஆசிரியருக்கு இந்த உறை ஒட்டும் வேலை பிடிக்கவில்லை. "எனக்கு மறைக்க ஒண்டுமில்ல" என்றார். எல்லோரும் ஒட்டினால்தான் ஒட்டுபவர் யார் என்று தெரியாமல் இருக்கும் என்று சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே ஒட்டினார்.

இந்தக் கட்டுரையின் கையெழுத்துப் பிரதியை ஆசிரியையிடம் கொடுத்தேன். வகுப்பறை வாசலில் நின்றபடியே முழுவதையும் வாசித்தார். சில ஊர்ப் பெயர்களை அடித்தார். பின்னர் ஒரு வரியில் விரலை வைத்து, "காப்பு ரெண்டு இல்ல சேர், மூணு" என்றார். அது மட்டும் அப்படியே இருக்கட்டும் என்றும் சொன்னார்.

அந்தப் படிவம் இப்போதும் கையில் இருக்கின்றதா, மறுபடி அனுப்பிப் பார்ப்போமா என்று கேட்டேன்.

"இருக்கி சேர். ஆனா திகதி முடிஞ்சிட்டு."